மீசை வைத்த பூசணிக்காய்

தேனி மாவட்டத்தில் பூமியின் மேல் முதன்முதலாக நம்பிக்கை இழந்த மனிதர் எங்கள் 'வானத்து முதலாளி'தான். அவருடைய ராக்கெட் சோதனை நாளில் நடந்தவை:

1. ராக்கெட் கிளம்பியது.
2. அதில் போக வேண்டிய பூசணிக்காய் போகவில்லை.
3. முதலாளி உயிரோடு இருக்கிறார்.

மூன்றுக்கும் தொடர்பு உண்டு.

முதலாளி ஆதியில் போர்வெல் போட்டவர். எவ்வளவு ஆழம் போனாலும் புழுதிதான் வந்தது. "கீழ ஒண்ணுமில்ல, மேல போயிப் பாப்போம்" என்று பழனிசெட்டிபட்டியில் ஒரு கொட்டகை பிடித்து ராக்கெட் கம்பெனி தொடங்கினார். பொறியியல் படித்தவள் அங்கே நான் ஒருத்திதான். சேர்ந்த அன்றே குண்டைப் போட்டார்: முதல் பயணி அவரேதானாம்.

"திரும்ப இறங்க வழி இன்னும் சரியா அமையல சார்."

"ஏறுனவன் எறங்காமயா போயிருவான்?"

அவர் மனைவி செல்வி அக்கா சோற்றுத் தூக்கை வைக்கும் சாக்கில் தினமும் என்னிடம் வருவார். "இந்த மனுசன அதுல ஏத்திராத தாயி."

கடைசியில் ஓர் உடன்பாடு. முதலில் சின்ன ராக்கெட். முதலாளிக்குப் பதில் ஒரு பூசணிக்காய். அது உடையாமல் பாராசூட்டில் இறங்கிவிட்டால், அடுத்ததில் அவர். பூசணிக்குத் தன் முகத்தையே கரியால் வரைந்தார். மீசைக்கு மட்டும் அரை மணி நேரம்.

வருசநாட்டுப் பக்கம், அனுமதி வாங்கிய பொட்டல். எங்கள் வெல்டர் பாண்டி அண்ணன் புது லாரியோ புது மோட்டாரோ, திருஷ்டி கழிக்காமல் ஓடவிட மாட்டார். எரிபொருள் பக்கத்தில் கற்பூரம் கூடாது என்று நான் தடை போட்டிருந்ததால் நேராகப் பூசணிக்குப் போனார். குடைந்து குங்குமம் கொட்டி, ராக்கெட்டைச் சுற்றி வந்து, ஓங்கித் தரையில் அடித்தார்.

"ஏலே பாண்டி! அது நான்லே!" முதலாளி அலறினார்.

"மீசையெல்லாம் வரஞ்சிருக்கீகளேண்ணே! திருஷ்டிக்குன்னுல்ல நெனச்சேன்!"

பாதி மீசை செல்வி அக்காவின் காலடியில் கிடந்தது. சுற்றிலும் ஒரே சிவப்பு. அக்கா முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராக்கெட்டைக் காலியாகவே விட்டோம். ஜோராக ஏறியது. பாராசூட் விரியவில்லை. தலைகுப்புற வந்து பொட்டலில் குத்தியது.

முதலாளி ராக்கெட்டையும் உடைந்த மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "நான் ஏறலத்தா. வேற ஏதாச்சும் ஏத்து" என்றார்.

இப்போது எங்கள் ராக்கெட்டுகளில் வானிலைக் கருவிகள் மட்டும் போகின்றன. முதலாளி கீழே நின்று அண்ணாந்து கைதட்டுகிறார். காலையில் கொட்டகைக்கு வெளியே அவர் செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு வேலையில் மனம் செல்கிறது.