பாட்டரிக்கு ஒரு விரதம்

என் வீட்டு ரேடியோ பாட்டரியை ஒத்துழையாமையில் சேர்ப்பது என்று தீர்மானம் போட்டேன். ஏகமனதாக நிறைவேறியது, கூட்டத்துக்கு நான் ஒருவன்தான் வந்திருந்தேன்.

காரணம் எளிது. பாட்டரி தீர்ந்தால் கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்ற வேண்டும். கடைக்கு மின்சாரம் தருபவன் வெள்ளைக்காரன். ஆகவே கடைசிச் சொட்டும் தீர்ந்து ரேடியோ ஊமையாகும்வரை கடைக்கு அனுப்பக் கூடாது. என்னோடு சிறையில் களி தின்றவர்கள் இன்று மந்திரி வீட்டு வாசலில் மாலையோடு நிற்கிறார்கள். பாட்டரியாவது கொள்கையோடு இருக்கட்டும்!

"பாதி தீர்ந்ததுமே குடுக்கணும்னு கடைக்காரர் சொன்னாரே," என்றாள் என் மனைவி சுப்பம்மாள். "முழுசா காலியாப் போட்டா உள்ள தகடு வெளுத்துப் பூடுமாம். அப்பறம் அதுக்கு ஆயுசு இல்லியாம்."

"பட்டினி கிடந்தால் உறுதி கூடும்."

"பாட்டரி இன்னா கதரா கட்டிக்கினு கீது?"

"வாதம் வேண்டாம். கட்டுப்பாடு வேண்டும்!"

"சரிங்க."

சுப்பம்மாளின் 'சரிங்க', சர்க்காரின் 'பரிசீலிக்கிறோம்' மாதிரி. அன்று எனக்கு உறைக்கவில்லை.

மாதங்கள் ஓடின. அதிசயம்! நான் பார்க்க பாட்டரி கடைக்குப் போகவே இல்லை, ரேடியோவும் ஊமையாகவில்லை. விட்டேனா? 'பாட்டரி விரதம்' என்று துண்டுப் பிரசுரம் அச்சடித்து, லஸ் முனையிலிருந்து திருவல்லிக்கேணிக் கடற்கரைவரை வினியோகித்தேன்.

ஒரு மத்தியானம் கச்சேரி ரோடு டீக்கடை ஹனீஃபா, தலையில் பாட்டரியோடு வந்து நின்றார். பின்னால் அவர் வாடிக்கைக்காரர்கள்.

"தலைவரே, உங்க நோட்டீஸை நம்பி ஊமையாவறவரைக்கும் வுட்டேன். இப்ப சார்ஜே ஏற மாட்டேங்குது. தகடெல்லாம் வெள்ளை!"

"அங்கேயும் வெள்ளையா!" என்று கர்ஜித்தேன். ஒருவரும் கைதட்டவில்லை.

"பாட்டு இல்லாத கடைக்கு எவன் வருவான்? இன்னிக்கு சாயங்காலம் நீங்க பேசப்போற பீச் கூட்டத்துல, தப்புன்னு நீங்களே ஒத்துக்கங்க. இல்லேன்னா நாங்க மேடை ஏறுவோம்."

மன்னிப்பா? அதை எழுதிக் கொடுக்க மறுத்துத்தானே சிறையில் கூடுதலாகக் கிடந்தேன்!

"சுப்பம்மா! வந்து சாட்சி சொல். நம் பாட்டரி விரதத்தால்தானே வாழ்கிறது?"

அவள் என்னை அடுப்படிக்கு இழுத்தாள். "அதுவா? நீங்க வாசகசாலைக்குக் கெளம்பினதும் ரிக்ஷால கடைக்கு அனுப்பிடுவேன். பாதி தீர்ந்தாலே சார்ஜ். நீங்க நோட்டீஸ் குடுக்கப் போன அன்னிக்குக்கூட."

"துரோகி! என் மானம் போகிறதே!"

"உங்க மானத்தை நான் பாத்துக்கறேன். வாயைத் தொறக்காம நில்லுங்க. தொறந்தீங்க, உள்ளதைச் சொல்லிப்புடுவேன்."

வெளியே வந்தாள். "பாய், நோட்டீஸ்ல தப்பில்ல. ஒரு வரி வுட்டுப் போச்சு. பாட்டரி பட்டினி கெடந்தா, கூடவே இவரும் சோறு தண்ணி இல்லாம கெடப்பாரு. அந்தத் தவத்துலதான் எங்களுது ஓடுது. உங்களால முடியுமா? பேசாம புதுசு வாங்கி, பாதி தீர்ந்ததுமே சார்ஜுக்குக் குடுத்துடுங்க."

ஹனீஃபாவின் கண் கலங்கிவிட்டது. "தெரியாமப் பூட்டுதே தலைவரே! கூட்டத்துல நானே இதைச் சொல்றேன். இன்னிக்கும் விரதமா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"ஆமா பாய், நீங்க உக்காருங்க," என்று, எனக்காக வைத்த வஞ்சிரக் குழம்பை அவருக்கு ஊற்றினாள் சுப்பம்மாள்.