ஏரிக்குப் போகாதவர்

கட்சிக்காரர்களில் ஏரிக்குப் போகாதவர் என்று ஓர் இனம் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆகஸ்ட் பிறந்தால் ஊரே படகைக் காரில் மாட்டிக்கொண்டு மீன் பிடிக்கக் கிளம்பிவிடும். கட்சியின் வேட்பாளர் யார் என்று மக்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலும் பார்த்து அந்த மாதத்தில்தான் வரும். வாக்குச்சாவடியில் ஈ, காக்கை இருக்காது. ஏரிக்குப் போகாதவர் மட்டும் காலை ஏழு மணிக்கே அதன் வாசலில் முதல் ஆளாக நிற்பார்.

எங்கள் தெரு மார்லிஸ் ஹாகன் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் முப்பத்தெட்டுக் கேள்விகள் அனுப்பி, முப்பத்தேழுக்குச் சரியாகப் பதில் சொன்னவரைத் துரோகி என்பார், கட்சிக் கூட்டத்தில் யார் கைதட்டவில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார், புதிதாக ஒருவர் வந்துவிட்டால், "இத்தன நாளா எங்க இருந்தீங்க?" என்று விசாரிப்பார். வந்தவர் அடுத்த கூட்டத்துக்கு வருவாரா என்ன?

போன வருஷம் விஷயம் விளையாட்டாக இல்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடப்போவதாகப் பேச்சு. மாநிலச் சட்டமன்றத்தில் எங்கள் தொகுதி மார்லிஸின் கட்சிக்குக் கைமாறினால் வார்டு பிழைக்கும். மார்லிஸின் மகள் கிர்ஸ்டனுக்கோ பிப்ரவரியில் பிரசவம்; அடுத்த ஆஸ்பத்திரி எழுபது மைல். கட்சியில் இருவர் போட்டியிட்டார்கள். ஒருவர் அந்த வார்டின் நர்ஸ் பாம் லிண்ட்க்விஸ்ட், ஊரில் பாதிப் பேரை முதலில் கையில் ஏந்தியவர். மற்றவர் கொலின் ப்ரேடர், முப்பத்தெட்டுக்கும் மூச்சுவிடாமல் 'ஆமாம்' சொன்னவர்.

"ஏம்மா, பாம் நின்னா நிச்சயம் ஜெயிப்பா," என்றார் மார்லிஸின் கணவர் டுவெய்ன். "எதிர்க்கட்சிக்காரங்களே அவளுக்குத்தான் போடுவோம்கிறாங்க."

"அதான் இடிக்குது. அவங்களுக்கே புடிக்குதுன்னா அவகிட்ட ஏதோ கோளாறு இருக்கு."

"அப்ப ஜெயிக்க வேணாமா?"

"ஜெயிக்கிறதுக்கா கட்சி நடத்துறோம்?"

டுவெய்ன் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார். பாமுக்கு வாக்களித்திருக்கக்கூடிய அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் கொலின் வேட்பாளரானார். மார்லிஸுக்கு ஆனந்தக் கண்ணீர்.

நவம்பரில் அசல் தேர்தலுக்கு ஊர் திரும்பி வந்து, வாக்களித்து, கொலினைத் தூக்கியெறிந்தது. "கொலின் 'ஆமாம்'னு சொன்னப்பவே குரல்ல ஒரு தயக்கம் இருந்துச்சு. இன்னும் கறாரான ஆளா பாத்திருக்கணும்," என்றார் மார்லிஸ். ஜனவரியில் வார்டு மூடப்பட்டது.

பிப்ரவரியில் கிர்ஸ்டனுக்கு வலி கண்டபோது வெளியே பனிப்புயல். டுவெய்ன் கூப்பிட்டதும் வேலை போய் வீட்டிலிருந்த பாம் ஓடி வந்து காரில் ஏறினார். நாற்பதாவது மைலில், பின்சீட்டில், குழந்தை பிறந்தது. கூடவே வந்திருந்த மார்லிஸ், பாமின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"நீ இல்லேன்னா ரெண்டு உசிரும் போயிருக்கும், பாம்."

"அடுத்த தடவ நின்னா எனக்கு ஓட்டுப் போடுவீங்களா?"

மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது வேற விஷயம்."

சிரிக்கிறீர்களா? மார்லிஸ் எந்தக் கட்சி என்று நான் சொல்லவேயில்லை. ஆனால் நீங்கள் ஆரம்பத்திலேயே அவரை உங்களுக்கு ஆகாத கட்சியில் சேர்த்துவிட்டீர்கள். நம் ஆட்கள் இப்படியெல்லாம் இல்லை என்று மனத்துக்குள் சொல்லியும் கொண்டீர்கள். மார்லிஸும் அதையேதான் சொல்கிறார்.