சிவகாமி கல்யாணப் பத்திரிகையும் இரண்டு குடித்தனக் கம்ப்யூட்டரும்

பண்டமாரான்,
1997, வெள்ளிக்கிழமை

ஈப்போவில் இருக்கும் அன்புள்ள ரெங்கசாமி மச்சான் அவர்களுக்கு, பக்கிரிசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கச்சி நல்லம்மாளும் முருகன் புண்ணியத்தில் சுகம். அக்காவும் கல்யாணப் பெண் சிவகாமியும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன்.

மச்சான், பத்திரிகை எங்கே என்று அக்கா போனில் கோபித்துக்கொண்டாள். தாய்மாமன் சீரோடு பத்திரிகையையும் என் கையாலேயே தமிழில் அடித்துத் தருவேன் என்று உங்கள் வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னவன் நான். வாக்கு மாறமாட்டேன். தாமதத்துக்குக் காரணம் ஓர் அதிசயம்.

துறைமுக ஆபீசில் நான் பழகிய தமிழ் எழுத்து புரோகிராம் டாஸ் காலத்தது, பிளாப்பியில் பத்திரமாக இருக்கிறது. இப்போது வாங்கியதோ விண்டோஸ் போட்ட புதுக் கம்ப்யூட்டர். புதியதில் பழையது எப்படி ஓடும்? பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாலனை அழைத்து, "இதைக் கழட்டிட்டு டாஸைப் போடுப்பா" என்றேன். "எதுக்கு அங்கிள் கழட்டணும்? ரெண்டையும் ஒரே பெட்டியில வெச்சுக்கலாம் லா" என்றான். சொன்னபடியே டிஸ்க்கின் நடுவே தடுப்புப் போட்டு, இந்தப் பக்கம் புதியதையும் அந்தப் பக்கம் பழையதையும் குடிவைத்துவிட்டான் மச்சான்! ஒன்றின் சாமானை மற்றது தொடுவதில்லை, சண்டை சச்சரவு இல்லை, நம் அண்ணன் தம்பிகளால் முடியாததை இந்தத் தகரப் பெட்டி செய்கிறது. சுவிட்ச்சைத் தட்டினால் இரண்டு பெயரும் திரையில் வந்து, எது வேண்டும் என்று கேட்டு நிற்கிறது. மெய்சிலிர்த்து, எழுந்து நின்று கும்பிட்டேன்.

ஒரே குறை, புதியதன் பெயர் மேலே, பழையதன் பெயர் கீழே. கல்யாணப் பத்திரிகையில் பேரனுக்குக் கீழே தாத்தாவைப் போடுவோமா? மூத்தது மேலே வரட்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். "நீங்க ஒண்ணும் அமுக்கலன்னா மேல உள்ளதுக்குத்தான் தானா போவும், அப்புறம் என்னைத் திட்டாதீங்க அங்கிள்" என்றபடி பாலன் மாற்றிக் கொடுத்தான். அன்று சாயங்காலம் நல்லம்மாள் விண்டோஸில் வரும் சீட்டு விளையாடலாம் என்று சுவிட்ச்சைத் தட்டிவிட்டு, தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து பார்த்தால், படமும் இல்லை, வண்ணமும் இல்லை, இருட்டில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. "ஐயோ, பெட்டி செத்துப்போச்சுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டு அய்யாவு அண்ணன் ஓடிவந்து மெயின் சுவிட்ச்சையே அணைத்துவிட்டார். பாலன் மறுபடி வந்துதான் எழுப்பினான். இரண்டும் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்தன மச்சான்! மனிதன் மூளைக்கு எல்லையே இல்லை.

நாளை காலை குளித்து, சாமி கும்பிட்டு, பழையதில் உட்கார்ந்து பத்திரிகையை அடித்துக் கிள்ளான் அச்சகத்தில் கொடுத்துவிடுவேன். அக்காவைக் கோபம் ஆறச் சொல்லவும். சிவகாமி மஞ்சள் குங்குமத்தோடு நீடூழி வாழ மாமனின் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
பக்கிரிசாமி

பி.கு.: நான் ஸ்டாம்பு வாங்கப் போன நேரத்தில் நல்லம்மாள் அந்தப் பிளாப்பியைப் புதியதில் செருகித் தட்டியிருக்கிறாள். ஓடிவிட்டது. பத்திரிகையையும் அவளே அடித்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள். பாலனைப் போனில் பிடித்தால், "புதுசுலயும் ஓடும் லா அங்கிள், நீங்க கேக்கவே இல்லையே" என்கிறான். பழையதை எடுத்துவிடட்டுமா என்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். இந்த வீட்டில் என்னைப் பார்த்து, உனக்கு எது வேண்டும் என்று கேட்டு, பதிலுக்கும் காத்திருப்பது அது ஒன்றுதான் மச்சான்.