செல்வியைக் காணேல்லை

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும், மனிதர்களை மூச்சு விடாமல் உட்காரவைப்பதில் அவரை வெல்ல ஆள் கிடையாது. மானிப்பாயில் ஸ்ரூடியோ வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் தேளர்.

மற்றவர்கள் நாய், கிளி வளர்த்தார்கள். இவர் தேள் வளர்த்தார். ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் மணல், மணலின்மேல் ஓட்டுத்துண்டு, மூடியில் காற்றுக்குத் துளை. போத்தலுக்கு ஒரு தேள், தேளுக்கு ஒரு பெயர். செல்லப்பிள்ளை, செல்வி என்ற மஞ்சள் தேள். கறுப்பு வெல்வெட் துணியில் அவளை விட்டு, தரையில் குப்புறப் படுத்துப் படம் எடுப்பார். அந்தக் கிழட்டுக் கமராவோடு கிட்டப் போக முடியாது. படத்தில் செல்வி விரல்நுனி அளவுதான் தெரிவாள். அதையும் எல்லாருக்கும் காட்டிப் பெருமைப்படுவார். ஒருமுறை அவள் பெருவிரலில் கொட்டி, கை வீங்கிக் கிடந்தார். கேட்டதற்கு, "அவளிலை பிழை இல்லை. நான்தான் நித்திரையைக் குழப்பிப்போட்டன்" என்றார்.

யுத்தத்தால் மின்சாரம் இல்லாத காலம் அது. கூரையில் பதித்த கண்ணாடியால் வரும் வெயிலை நம்பித்தான் தொழில். வெளிச்சம் போதாததால், படத்துக்கு இருப்பவர் நெடுநேரம் ஆடாமல் இருக்கவேண்டும். கதிரையில் இருத்தி, தாடையை நிமிர்த்தி, கமராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டு தேளர் மெதுவாகச் சொல்வார்: "செல்வியைக் காணேல்லை."

அதற்குப் பிறகு யார் ஆடுவார்கள்? எங்கள் ஊர்க் கடவுச்சீட்டுப் படங்களில் எல்லாருக்கும் கண்கள் பிதுங்கியிருப்பது இதனால்தான். வெளிநாட்டு அதிகாரிகள் அந்த முகங்களைப் பார்த்து, வேறு விசாரணையே இல்லாமல் அகதி அந்தஸ்துக் கொடுத்திருப்பார்கள்.

குண்டு போடப் பொம்பர் விமானம் வந்தால் எல்லாரும் பங்கர்க் குழிக்குள் ஓடுவோம். தேளர் போத்தல்களையும் அணைத்துக்கொண்டு இறங்குவார். உடனே பாதிப் பேர் வெளியே ஏறிவிடுவார்கள். மேலிருந்து விழுவது தங்கள்மேல்தான் விழும் என்று நிச்சயமில்லையே.

இப்படிப்பட்டவரிடம்தான் என் அக்காவைப் படம் எடுக்கக் கொண்டுபோனோம். மாப்பிள்ளை கனடாவில், அவருடைய தாய் கொழும்பில். மறுநாள் கொழும்புக்குப் புறப்படும் தரகரிடம் படத்தைக் கொடுக்கவேண்டும். பிலிம் கண்ணில் காணக் கிடைக்காத நாட்கள். தேளரின் கமராவில் கடைசி ஒரு படத்துக்குத்தான் இடம் இருந்தது. அதிலும் காலையில் செல்வியை எடுத்துவிட்டு, பிலிமைச் சுற்ற மறந்திருந்தார்; அதே துண்டின்மேல்தான் அக்காவையும் எடுத்தார்.

கழுவிப் பார்த்தால் அக்கா அழகாக இருந்தாள். கடும்நீலச் சேலையின் இடது தோளில், வாலைச் சுருட்டிக்கொண்டு செல்வியும் அழகாக இருந்தாள்.

அப்பா குதித்த குதிக்கு ஸ்ரூடியோக் கூரை தப்பியது அதிசயம். அம்மாதான் படத்தை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். "புரோச் மாதிரித்தான் கிடக்கு. குடுத்து விடுவம்." வேறு வழியும் இல்லை.

தரகர் திரும்பி வந்தார். பெண்ணைப் பிடித்துவிட்டதாம். தோளில் குத்தியிருந்த பழைய காலத்துப் புரோச்சை மாமியாருக்கு இன்னும் பிடித்துவிட்டதாம். பரம்பரை நகை உள்ள குடும்பம் என்று சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லிவிட்டாராம். கொழும்பில் நடக்கும் கலியாணத்துக்குப் பொம்பிளை அதைக் குத்திக்கொண்டு வரவேண்டுமாம்.

இல்லாத நகைக்கு எங்கே போவது? அது தேள் என்று சொன்னால் கலியாணம் நின்றுவிடும். மாப்பிள்ளையின் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்த அக்கா, குசினிக்குள் அடுப்படியில் போயிருந்து அழுதாள்.

அப்பா தேளரிடம் போனார், நானும் கூடப் போனேன். திட்டத்தான் போனோம். ஆனால் செல்வியின் போத்தல் வெறுமையாக இருந்தது. மாரி மழைக் குளிரில் அவள் செத்துப்போயிருந்தாள். விஷயத்தைக் கேட்ட தேளர், அலுமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சின்மேல், செல்வி வளரும்போது கழற்றிய சட்டை. கொடுக்கு, கால்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

நகை செய்யும் பத்தரிடம் மூவரும் போனோம். அதற்குக் களிமண் பூசிச் சூளையில் சுட்டு, எரிந்துபோன இடத்தில் வெள்ளியை ஊற்றலாம் என்றார் பத்தர். சட்டை மிஞ்சாது என்பதையும் சொன்னார். தேளர் தீப்பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"பிள்ளையின்ரை கலியாணம். ஊத்துங்கோ" என்றார்.

அக்கா கொழும்புக்குப் புறப்பட்ட அன்று அவரே புரோச்சைக் கொண்டுவந்து கொடுத்தார். "கவனமாய் வைச்சிரு, பிள்ளை. அவள் ஒருத்தருக்கும் கொட்டினவள் இல்லை." சொல்லும்போது பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து மறைத்துக்கொண்டார்.

அந்தப் புரோச் இன்றும் கனடாவில் ஒரு கலியாணத்தையும் தவறவிடுவதில்லை. தேளர் இப்போது இல்லை. என்னைப் படம் எடுப்பவர்கள் எல்லாரும் சிரிக்கச் சொல்கிறார்கள். நானோ ஆடாமல் இருந்து, யாராவது செல்வியைக் காணவில்லை என்று சொல்லமாட்டார்களா என்று காத்திருக்கிறேன்.