பின்னாடி த்ரெட் போடலையா?

எனக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும் என்று வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பொய் சொன்னேன். ஒலிபெருக்கி வைத்து ஊர் முன்னால் மாட்டிக்கொண்டதும் நானேதான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை. (முருகன்மேல் போடலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். மனசு வரவில்லை.)

அப்போது எனக்கு முப்பது வயது. ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பள்ளிக்கூடத்தோடு, படிப்பை முடித்துக்கொண்டு தெப்ராவில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்தேன். பெக்கான் நானாஸில் வீடு. அங்கிருந்து தினமும் மோட்டார் சைக்கிள். ஸ்டோரில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. சரக்கு வந்தால் ஒரு கட்டத்தில் எண் போட வேண்டும், போனால் அடுத்த கட்டத்தில் போட வேண்டும். இதைத்தான் என் அம்மா, "என் மகன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று பெக்கான் நானாஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

எனக்கும் அதில் ஒரு ஆசை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இணையத்தில் யாரோ ஒருவர் புரோகிராம் எழுதிக் காட்டுவார். அவர் எழுதியதை அப்படியே எழுதிவிட்டு, அவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரைப் போடுவேன். அது ஓடும். அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

அந்தச் சமயத்தில் லாயாங் லாயாங்கிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் கவிதா. பட்டதாரி, சிங்கப்பூரில் புரோகிராம் எழுதும் வேலை. அப்பா கதிரேசன் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அங்கே ஒரு முருகன் கோயிலுக்குச் செயலாளர். என் அம்மா போனில் அவரிடம், "என் மகனும் அதே வேலதாங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் மறுத்திருக்கலாம். போனை வாங்கி, "ஆமாங்க, நானும் புரோகிராமர்தாங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்றால், அதற்கு முன் நான்கு வீட்டில் என்னை வேண்டாம் என்றிருந்தார்கள். ஒரு வீட்டில் படிப்பு போதாது என்றார்கள், ஒரு வீட்டில் உயரம் போதாது என்றார்கள். ஒரு வீட்டில் காரணமே சொல்லவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. போதாததற்கு, கவிதாவை நான் அந்தக் கோயில் பந்தியில் ஒரு தடவை பார்த்திருந்தேன். பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார். என் இலையில் இரண்டு கரண்டி விழுந்தது. (பக்கத்து இலையிலும் இரண்டு கரண்டிதான். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.)

கதிரேசன் மாமா உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப நல்லதாப் போச்சு தம்பி. வர்ற ஞாயித்துக்கிழம நம்ம கோயில் திருவிழா. அர்ச்சனச் சீட்டு எழுதி எழுதி, குருக்களுக்குக் கையெழுத்துப் புரியாம வருஷா வருஷம் குழப்பம் லா. நீங்க கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் செஞ்சு குடுங்க. கவிதாவும் வருது. அங்கயே பார்த்துப் பேசிக்குங்க. அன்னிக்கே எங்க முடிவச் சொல்லிடுறோம்."

ஆக, அர்ச்சனை ஒழுங்காக நடந்தால் எனக்குக் கல்யாணம். இல்லாவிட்டால் ஐந்தாவது வீடு.

ஒரு வாரம் உட்கார்ந்து இரண்டு புரோகிராம் செய்தேன். இரண்டும் ஒரே லேப்டாப்பில் ஓடும். முதலாவது வாசல் மேசைக்கு. பக்தர் வந்து பெயர், நட்சத்திரம், ராசி, வேண்டுதல் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து பொத்தானை அமுக்குவேன். அது ஒரு மெசேஜாக இரண்டாவது புரோகிராமுக்குப் போகும். அந்த இரண்டாவது, மெசேஜை வாங்கி, சன்னதிக்குப் பக்கத்தில் வைத்த டிவியில் எழுத்தாகக் காட்டும். காட்டியதோடு விடாமல், ஒரு பெண் குரலில் ஒலிபெருக்கியில் படித்தும் சொல்லும். (படிக்கிற வேலை தேவையே இல்லை. ஆடம்பரம்.) பதில் வராத மெசேஜ் ஏதாவது இருந்தால் தொலைந்து போகாமல் ஒரு ஓரமாகக் காத்திருக்கும். அதைத் திரும்ப அனுப்ப ஒரு பொத்தானும் வைத்தேன். அதெல்லாம் நான் பார்த்து எழுதிய காணொளியில் இருந்தது, அதனால் என்னுடையதிலும் இருந்தது.

சனிக்கிழமை மதியம் கோயில் மண்டபத்தில் டிவியை மாட்டிவிட்டு ஒத்திகை பார்த்தேன். ஒத்திகைதானே, ஏதாவது ஒரு பெயரைப் போட்டிருக்கலாம். ஆனால் திரை இருப்பது முருகன் சன்னதியில். சாமிக்கு முன்னால் பொய்ப் பெயர் போட எனக்குக் கை வரவில்லை. (போனில் பொய் சொன்னவனுக்கு இங்கே மட்டும் பக்தி.) அதனால் என் சொந்தப் பெயரையும் நட்சத்திரத்தையும் போட்டு, வேண்டுதலில் மனசில் இருந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். திரை அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. லேப்டாப்பை மூடித் திறந்து இரண்டாவது புரோகிராமை மறுபடி ஓட்டிவிட்டு, மாமா பெயரைப் போட்டேன். அழகாக வந்தது. சரி, முன்னே அனுப்பியது போய்த் தொலைந்தது என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஞாயிறு காலை நல்ல கூட்டம். நான் புது வேட்டியில் வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தேன். குருக்களிடம் போய், "சாமி, நீங்க யாருகிட்டயும் ஒண்ணும் கேக்க வேணாம். திரையில என்ன இருக்கோ அத மட்டும் படிங்க" என்று உத்தரவு மாதிரியே சொல்லிவிட்டு வந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து கொஞ்ச மாதமே ஆன மனிதர். தலையாட்டினார்.

முதல் ஐந்து அர்ச்சனை தேன் மாதிரி போனது. பெயர் திரையில் வரும், குரல் படிக்கும், குருக்கள் சொல்வார். மாமா தூணோரம் நின்று பார்த்துத் தலையசைத்தார். அம்மா பட்டுச் சேலையில் வரிசைக்கு வரிசை போய், "என் மகன் செஞ்சது" என்றார்.

ஆறாவது, லாரி ஓட்டும் முனியாண்டி அண்ணன். மகம், சிம்மம். அவர் பெயர் திரையில் வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். நான் பரபரவென்று தட்டித் தட்டி அனுப்பினேன். குரல் நின்றது. திரையும் நின்றது. முனியாண்டி அண்ணன் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

குருக்கள் சொன்ன சொல் தவறாதவர். அடுத்த தட்டை வாங்கினார், திரையைப் பார்த்தார், "மகா நட்சத்திரே, சிம்ம ராசௌ, முனியாண்டி நாமதேயஸ்ய" என்றார். அடுத்த தட்டு. மறுபடி முனியாண்டி. ஒரு அம்மா, "சாமி, என் பேரு லெட்சுமிங்க" என்றார். குருக்கள் திரையைக் கை காட்டினார். "கம்ப்யூட்டர்ல முனியாண்டின்னுதாம்மா இருக்கு."

முனியாண்டி அண்ணன் நகரவே இல்லை. கையைக் கூப்பியபடி, "விடுங்க லா, நடக்கட்டும். இந்த வருஷம் எனக்கு ஒரு டயர்கூடப் பஞ்சர் ஆகாது" என்றார்.

பத்தாவது முனியாண்டிக்குப் பிறகு வரிசை வாசல் வரைக்கும் வந்து என் மேசையைச் சுற்றி நின்றது. எனக்கு வேட்டி எல்லாம் வியர்வை. அப்போதுதான் கவிதா வந்தார். மேளச் சத்தத்தில் குனிந்து கேட்டார்.

"நீங்கதானே தங்கராஜு? மெசேஜ் வாங்குறதுக்குப் பின்னாடி தனியா த்ரெட் போடலையா?"

எங்கள் முதல் பேச்சு இதுதான்.

"இல்லீங்க, மறந்துட்டேன்."

"அதான் நின்னுடுச்சு. சட்டுனு போட்டுடுங்க." அதற்குள் மாமா கூப்பிட, வரிசையைச் சமாளிக்க ஓடினார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. த்ரெட் என்றால் நூல், கயிறு. இதுகூடவா தெரியாது. எங்கள் தொழிற்சாலையில் புது இயந்திரம் வந்தால் சந்தனம் வைத்து, மஞ்சள் கயிறு கட்டித்தான் ஓட்டுவோம். என் மோட்டார் சைக்கிளில்கூட இருக்கிறது. சாமி காரியத்துக்கு வந்த லேப்டாப்புக்கு நான் கட்டவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்கிற பெண் எனக்கு இதை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. எவ்வளவு பக்தி பாருங்கள் என்று உருகிவிட்டேன்.

சன்னதிக்கு ஓடினேன். "சாமி, அவசரமா ஒரு கயிறு."

"யாருக்கு?"

"லேப்டாப்புக்கு."

பதினாலு முனியாண்டி சொன்ன மனிதர், இதற்கு மேல் எதுவும் அவரை ஆச்சரியப்படுத்தாது. "அதுக்கு வலது கையா, இடது கையா?" என்று மட்டும் கேட்டார்.

"பின்னாடி, சாமி."

லேப்டாப்பின் பின்பக்கம், மடங்குகிற இடத்தில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். குங்குமம் வைத்தேன். கும்பிட்டேன். அந்த நொடியில் திரை ஒரு மினுக்கு மினுக்கி, முனியாண்டி போய் லெட்சுமி வந்தது. சத்தியமாக எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் லெட்சுமியும் நின்றுவிட்டது.

கவிதா திரும்பி வந்தார். "போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சுங்க."

"எங்க, காட்டுங்க."

லேப்டாப்பைத் திருப்பி முதுகைக் காட்டினேன்.

கவிதா அந்தக் கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கயிற்றைப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

இனி மறைக்க என்ன இருக்கிறது. "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க. ஸ்டோர்ல எண் போடுவேன். இதெல்லாம் பார்த்து எழுதுனது" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "புரோகிராமுக்குள்ள வேல செய்யுற ஆளுன்னு வச்சுக்குங்க, அதுதான் த்ரெட். உங்க புரோகிராம்ல ஒரே ஆளு. அவரே மெசேஜ் வாங்கணும், அவரே படிக்கணும், அவரே டிவியில எழுதணும். படிச்சுக்கிட்டு இருக்கும்போது பத்து மெசேஜ் வந்தா பாவம் என்ன செய்வாரு? பின்னாடி இன்னொரு ஆளப் போட்டு, மெசேஜ் வாங்குற வேலய அவர்கிட்ட விடணும்."

மாமா வந்து பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஒத்த லைனா? க்ராசிங்குக்கு வண்டி ஒதுங்கி நிக்க லூப் லைன் விடலையா?" என்றார்.

"அதேதாம்ப்பா."

"ஒத்த லைன்ல பத்து வண்டியா தம்பி விட்டீங்க? எங்க வேலையில இதுக்குச் சஸ்பெண்டு." ரயில்வேக்காரருக்கு ஒரு வரியில் புரிந்தது, எனக்கு இன்றைக்கும் முழுசாகப் புரியவில்லை.

கவிதா லேப்டாப்பை மடியில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினார். கயிறு விரலில் தட்டியது. அவிழ்க்கப் போனேன். "இருக்கட்டும், சாமி கயிறுதானே" என்றார். மறுபடி ஓட்டினார். திரை விழித்தது. வரிசையில் ஒரு பெருமூச்சு.

"இங்க கொஞ்ச மெசேஜ் பதில் வராம நிக்குதே. பாவம், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. திரும்ப அனுப்பிடுறேன்."

எனக்குச் சனிக்கிழமை மதியம் ஞாபகம் வந்தது. "வேணாங்க" என்று வாயைத் திறந்தேன். அவர் விரல் முந்திவிட்டது.

பழசுதான் முதலில் போகும். மேளக்காரர்கள் தண்ணீர் குடிக்க நிறுத்தியிருந்தார்கள். கோயில் முழுக்க அந்தப் பெண் குரல், செய்தி வாசிப்பது போல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னது:

"தங்கராஜு. ரோகிணி நட்சத்திரம். ரிஷப ராசி. வேண்டுதல். முருகா, கவிதாவுக்கு என்னைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பரவாயில்லை. அவர் அப்பா முன்னால் நான் அசிங்கப்படக் கூடாது."

நான் மூன்று தடவை அமுக்கியிருந்தேன். மூன்று தடவையும் சொன்னது. மூன்று தடவையும் குருக்கள் பூப் போட்டு அர்ச்சனை செய்தார். அம்மா "அலமாக்" என்று தலையில் அடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டார். முனியாண்டி அண்ணன் மட்டும், "எனக்குப் பதினாலு, உனக்கு மூணுதானா தம்பி?" என்று வருத்தப்பட்டார்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். முடிவு சொல்கிற நாள் அது. நான் செருப்பு எந்தப் பக்கம் விட்டேன் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கவிதா குனிந்து ஏதோ தட்டச்சு செய்தார். பொத்தானை அமுக்கினார். ஒரு நொடிகூடத் தாமதமில்லை.

"கவிதா. சுவாதி நட்சத்திரம். துலா ராசி. வேண்டுதல். இவருக்கு த்ரெட் என்றால் என்ன என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு நிறைய வருஷம் ஆகும்."

குருக்கள் அதற்கும் பூப் போட்டார். மாமாவுக்குப் பாதிதான் விளங்கியது. "கவி, இது சரியா, வேணாமா? அப்பாவுக்குப் புரியிற மாதிரி சொல்லு."

"லைன் கிளியர்ப்பா" என்றார் கவிதா.

அடுத்த தை மாதம் அதே சன்னதியில் எங்கள் கல்யாணம். முருகனுக்கு என் மெசேஜ் போய்ச் சேரவில்லை என்று சனிக்கிழமை வீட்டுக்குப் போனவன் நான். போகாமல் இல்லை. ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான். இப்போதும் எதையாவது வேண்டிக்கொண்டு, நடக்கவில்லையே என்று மனசு சோரும்போது, எங்கேயோ ஓரமாகக் காத்திருக்கும், யாராவது வந்து பொத்தானை அமுக்குவார்கள் என்று சொல்லிக்கொள்வேன்.

குருக்கள் இன்னும் அதே கோயிலில்தான் இருக்கிறார். பிள்ளைகளோடு நாங்கள் போய் நின்றால் பெயர், நட்சத்திரம் எதுவும் கேட்கமாட்டார். ரோகிணி, ரிஷபம் என்று மனப்பாடமாகத் தொடங்கி, மந்திரத்தை முடித்து, தீபாராதனைத் தட்டை நீட்டிக்கொண்டே கவிதாவிடம் மட்டும் கேட்பார். "என்னம்மா, இவரப் பிடிச்சிருக்கா?"

கவிதா கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்.

"இன்னும் டெஸ்டிங்லதான் இருக்கு, சாமி."