ஞாயிற்றுக்கிழமை டீம்

இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் கே.கே. நகர் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன். மனசுக்குள்தான். முடிவுகளை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் கல்யாணத்தோடு நின்றுவிட்டது.

கே.கே. நகரில் என் மைத்துனன் சாய்நாத் தனியாக இருக்கிறான். "பாவம், ஒரு நாளாவது வாய்க்கு ருசியா சாப்பிடட்டும்" என்று என் மனைவி ஜலஜா வாராவாரம் அங்கே போய்ச் சமைப்பாள். கூடவே பை தூக்க நான். அவள் சமைத்து முடிக்கும்வரை, தன் ஸ்கூட்டர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று சாய்நாத் எனக்குச் சொல்வான். வாரத்துக்கு வாரம் கிலோமீட்டர் ஏறும். ஆறு நாள் ஆபீசில் தேய்ந்தவனுக்கு ஏழாவது நாள் இது. அலுத்துவிட்டது சார். உடம்பு மட்டுமல்ல, காதும்.

அப்போதுதான் எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் ஃப்ளாட்ஸ் சங்கத்தில் பொங்கலுக்கு வீடியோ கேம் போட்டி என்று அறிவித்தார்கள். டி.வி.யில் மாட்டி, ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, இருவர் ஜோடியாகத் திரையில் வரும் எதிரிகளைச் சுட்டுத் தள்ள வேண்டும். மாடி வீட்டு இனாயத் பாய் பிள்ளைகளுக்காகச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு செட் வாங்கி வைத்திருந்தார். ஓடிப்போய் அவரோடு ஜோடி சேர்ந்துகொண்டேன். பிராக்டீஸ் ஞாயிறுதோறும், பகல் முழுக்க, எங்கள் வீட்டு டி.வி.யில்.

ஜலஜாவிடம் விஷயத்தை மெல்ல அவிழ்த்தேன்.

"இந்த வாரத்துலேர்ந்து நீ மட்டும் கே.கே. நகர் போய்ட்டு வந்துடேன். எனக்கு டீம் இருக்கு."

"இந்த வயசுல வீடியோ கேமா?"

"வெறும் விளையாட்டுன்னு நினைக்காதே. டீம்ங்கறது ஒரு சயின்ஸ்."

"அப்படியா? சொல்லுங்கோ, கேட்டுக்கறேன்."

கேட்டுக்கறேன் என்று அவள் சொல்லி எத்தனையோ வருஷமாயிற்று. மயங்கிவிட்டேன்.

"யாருக்கு எது வருமோ அதைத்தான் குடுக்கணும். சொந்தம் பந்தம் பார்க்கப்படாது. தப்பை எடுத்துச் சொல்ல வெளியிலேர்ந்து ஒரு கோச் வேணும். ஒருத்தன் படுத்துட்டா இறங்கறதுக்கு ஒரு ரிசர்வ் வேணும். எல்லாத்துக்கும் மேல, டீம் என்ன சொல்றதோ அதுக்குக் கட்டுப்படணும்."

"உங்களுக்குக் கோச் இருக்கா?"

"இல்லை."

"ரிசர்வ்?"

"அதுவும் இல்லை. நாங்க ரெண்டு பேர்தான்."

"அப்பறம் எப்படி ஜெயிப்பேள்?" என்றாள், நிஜமான கவலையோடு. எனக்கு நெஞ்சு உருகிவிட்டது.

ஞாயிறு வந்தது. முதல் நாள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஜலஜா ஓரமாக உட்கார்ந்தாள். மெஷினில் ஆளுக்கு மூன்று லைஃப். கல்யாணமானவனுக்கு மூன்று லைஃப் என்பதே பேராசை. மூன்றும் ஆட்டத்தில் வரும் முதல் பாலத்திலேயே போயின. நம்முடைய லைஃப் தீர்ந்தால் கூட்டாளியுடையதை எடுத்துக்கொள்ள ஒரு பட்டன் உண்டு. எடுத்தேன். அதுவும் போயிற்று.

"இன்னா சார் இது," என்றார் இனாயத் பாய் சோர்வாக. "நான் குண்டுக்குத் தப்பிச்சிக்கினு கீறேன். நீங்க பக்கத்துல குந்திக்கினு என் உசுரை உருவுறீங்களே."

வாசல் மணி அடித்தது. சாய்நாத்.

"அக்கா ஃபோன் பண்ணினா, அத்திம்பேர். கோச் வேணுமாமே."

இவனையும் கோச்சையும் சேர்த்து நினைத்தால் எனக்குத் தோன்றுவது ரயில் பெட்டிதான். "உனக்கு இதெல்லாம் தெரியுமாடா?" என்றேன்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நான் வேற என்ன பண்றேன்னு நினைச்சேள்?" என்று என் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கினான். பாலத்தைத் தாண்டினான். காட்டைத் தாண்டினான். கோட்டையைத் தகர்த்தான்.

"நைனா, இத்தினி நாளா நீ எங்கப்பா இருந்தே?" என்று இனாயத் பாய் அவன் தோளைக் கட்டிக்கொண்டார்.

"யாருக்கு எது வருமோ அதைத்தான் குடுக்கணும்னு நீங்கதானே சொன்னேள்?" என்றாள் ஜலஜா. "அவன் ஆடட்டும். நீங்க ரிசர்வ்."

கோச் வந்தாயிற்று, எனக்கு ரிசர்வேஷனும் ஆயிற்று.

மானம் கொஞ்சம் போனது உண்மைதான். ஆனால் நிதானமாக யோசித்தால் இதில் எனக்கு நஷ்டமே இல்லை. சாய்நாத் இங்கே வந்துவிட்டால் கே.கே. நகர் கிடையாது. ஆடுகிறவனுக்கு வாயைத் திறக்க நேரமில்லாததால் ஸ்கூட்டரும் கிடையாது. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே பாயையும் தலையணையையும் எடுத்தேன்.

"எனக்கும்தான் வாராவாரம் அங்க போய்ச் சமைச்சு அலுத்துப்போச்சு," என்றாள் ஜலஜா. "இனிமே ஞாயித்துக்கிழமை அவன் நம்மாத்துலேயே சாப்பிடட்டும். பொங்கல் வரைக்கும் பிராக்டீஸை விடப்படாது."

"பேஷா."

"டீம் சொன்னாக் கட்டுப்படுவேளோல்லியோ?"

"பின்னே? சட்டம் போட்டதே நான்தானே."

"அவனாத்துக்கு ஞாயித்துக்கிழமைதான் தண்ணி லாரி வரும். காலம்பறவும் வரும், சாயங்காலமும் ஆகும், சொல்ல முடியாது. இவன் இங்க வந்துட்டா அங்க பிடிச்சு வைக்க ஆள் இல்லை. ரிசர்வ் சும்மாத்தானே இருக்கேள், தலையணையை வெச்சுட்டுக் கிளம்புங்கோ. குடமெல்லாம் அங்கேயே இருக்கு."