எல்லைஞானியும் ஏரிக்குள் விழுந்த ஓட்டும்

மருந்துக்கடை வாசலில் அப்படியொரு கூட்டம்! ஊருக்கே காய்ச்சல் வந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். வந்தவர்களுக்கு உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது; மூளையைத்தான் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். மாடியில் எல்லைஞானி வந்து இறங்கியிருந்தார்.

அவர் லேசுப்பட்ட ஞானி இல்லை. தொகுதி வரைபடத்தை மேசையில் விரித்து, கண்ணைக் கட்டிக்கொண்டு விரலால் தடவுவார். எந்தத் தெரு யாருக்கு ஓட்டுப் போடும் என்று எல்லைக்கோடே அவர் விரலில் வந்து சொல்லுமாம்! போன தேர்தலில் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது பேப்பரிலேயே வந்ததுதான். அதை மனப்பாடம் செய்தவர் ஞானி. படித்துவிட்டு மறந்தவர்கள் பக்தர்கள்.

மருந்துக்கடைக்காரர் இந்தத் தடவை வேட்பாளர். அவர் மனைவிக்கோ வயிறு எரிந்தது. எரியாதா? தொகுதிக்குப் புதிதாகப் போட்ட எல்லை அவர்கள் வீட்டை ஒட்டிப் போகிறதாம். வீடு கோட்டின் கழுத்தை நெரிக்கிறதாம். விற்றுவிட்டு வெளியேறினால்தான் ஓட்டு உள்ளே வருமாம். வாங்க ஆளையும் ஞானியே பிடித்துத் தந்திருந்தார். வேறு யார், அவருடைய மச்சான்தான்! பத்திரம் மேசையில் தயார். கையெழுத்துதான் பாக்கி.

"ஏங்க, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போய் நிக்கிறது?"

"ஜெயிச்சா பெரிய வீடே கிடைக்கும். சும்மா இரு."

"தோத்துட்டா?"

"வாயைக் கழுவு!"

அவள் வாய் சும்மா இருந்தது. கை இருக்கவில்லை. ஞானி கண்ணைக் கட்டிக்கொண்டதும், தண்ணீர் வைப்பதுபோல் குனிந்து, வரைபடத்தைச் சத்தமில்லாமல் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். கணவர் வாயைத் திறந்தார். முறைத்தாள் பாருங்கள், மூடிக்கொண்டார்.

ஞானியின் விரல் மேல்மூலையில் போய் நின்றது. உடம்பு சிலிர்த்தது.

"ஆகா! வடக்கே சந்தைத் தெரு! வீட்டுக்கு வீடு உங்களுக்குத்தான் ஓட்டு. அலை அலையா வருது!"

"அலை வரத்தான் செய்யும் சாமி. நீங்க விரல் வெச்சிருக்கிறது ஏரியில," என்றாள் அவள்.

கூட்டம் எட்டிப் பார்த்தது. தெற்கே நீலமாகக் கிடக்கும் ஏரியின் நட்டநடுவில் நின்றது அந்த ஞான விரல்.

"மீனுக்கெல்லாம் எப்போங்க ஓட்டுரிமை வந்துச்சு?" என்றார் சலூன்காரர். மாடியே அதிரச் சிரித்தார்கள்.

ஞானி கண்கட்டை அவிழ்த்துக்கொண்டு சீறினார். "பொம்பளை நிழல் பட்டா கோடு குழம்பிடும்!"

"சரி, நான் வெளிய போறேன். நீங்க மறுபடி கண்ணைக் கட்டிக்குங்க. இவங்களே எப்படி வேணா திருப்பி வைக்கட்டும், சொல்லுங்க பார்ப்போம். ஆமா, சந்தைத் தெருவை இந்தத் தடவை பக்கத்துத் தொகுதியில சேர்த்துட்டாங்களே. அதைக் கோடு உங்க விரல்கிட்ட சொல்லலையா?"

ஞானிக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. மச்சான் அவருக்கு முன்பே படியிறங்கிப் போயிருந்தார்.

மருந்துக்கடைக்காரர் முகத்தில் அசடு வழிந்தது. பத்திரத்தை எடுத்துக் கிழித்துப் போட்டார்.

"அது சரி, இனிமே ஓட்டு எப்படித்தான் வாங்குறது?" என்று இழுத்தார்.

"ஓட்டுப் போடுறவங்க கோட்டுல இல்லீங்க, கதவுக்குப் பின்னால இருக்காங்க. போய்த் தட்டுங்க," என்றவள், கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான். யார் வீட்டுக் கதவையும் தட்டுறதுக்கு முன்னால, அவங்கவங்க மண்டையை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க, உள்ளே ஆள் இருக்கான்னு!"